வெயில் வேறு, வெளிச்சம் வேறு

சரித்திரம் என்றால் அரசர்கள் பட்டத்துக்கு வந்த வருஷமும் யுத்தம் நடந்த களமும்தான் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தப்பபிப்பிராயங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஒரு தவறான எண்ணம் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று விசாரித்துப் பார்த்தால், பல சமயம் அது முழுப் பொய்யாக இராது. வேறொரு பொருளைப் பற்றிய மெய்யாக இருக்கும். விலாசம் மாறி நம் வீட்டுக்கு வந்திருக்கும். மொட்டை மாடியில் வைக்கும் சோலார் பேனலைப் பற்றி ஊரில் உலவும் பேச்செல்லாம் அந்த ரகம்தான்.

"நம் ஊர் வெயிலுக்குக் கேட்க வேண்டுமா? சித்திரை வைகாசியில் மின்சாரம் கொட்டோ கொட்டென்று கொட்டும்" என்கிறார்கள். வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு லாபம் என்பது கணக்கு. இது தண்ணீர் காய்ச்சும் கருவிக்கு உரிய கணக்கு. 1891ஆம் வருஷம் அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்பு வர்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் அடைத்து, வெயிலிலேயே வெந்நீர் போடும் சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார். குடித்தனக்காரர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்த சோலார் சாதனம் அதுதான். அதற்கு வேண்டியது உஷ்ணம்.

மின்சாரம் தரும் பேனல் அந்த வம்சத்தில் பிறந்ததே அல்ல. அதன் பூர்வ கதை 1839இல் பாரிஸில் தொடங்குகிறது. எட்மண்ட் பெக்கெரல் என்ற பத்தொன்பது வயதுப் பையன், ஒரு திரவத்தில் அமிழ்த்திய தகடுகளின் மேல் வெளிச்சம் பட்டதும் மின்சாரம் எழுவதைக் கண்டான். 1883இல் சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்பவர் செலீனியத்தைக் கொண்டு ஒரு தகடு செய்தார். விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் மின்சாரமாயிற்று. 1954இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கனைக் கொண்டு ஆறு பங்கு எடுத்துக் காட்டினார்கள். இன்று கடையில் கிடைக்கும் பேனல் இருபது பங்குக்கு மேலேயே தருகிறது. இவ்வளவு பேரும் நாடியது வெளிச்சத்தை, உஷ்ணத்தை அல்ல.

உஷ்ணம் இந்தப் பேனலுக்குச் சத்துரு என்றே சொல்லலாம். அதன் சக்தியை 25 டிகிரியில் வைத்து அளக்கிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்றளவு விளைச்சல் குறைகிறது. உச்சி வேளையில் பேனல் 60 டிகிரிக்குக் காய்ந்தால் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு போய்விடும். அதற்கு மிகவும் உகந்த நாள் வானம் தெளிந்து, காற்று குளுகுளுவென்று வீசும் நாள்தான். மேகம் மூடினால் அடியோடு நின்றுவிடும் என்பதும் தவறு. குறைந்த வெளிச்சத்துக்குக் குறைந்த மின்சாரம், அவ்வளவே. மேகத்தைவிட, தினமும் ஒரே இடத்தில் வந்து விழும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கும் தென்னங்கீற்றின் நிழலுக்கும்தான் பயப்பட வேண்டும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் நஷ்டம் அந்த மூலையோடு நிற்பதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு வெள்ளை மாளிகையே ஒரு சாட்சி. 1979 ஜூன் மாதம் ஜனாதிபதி கார்ட்டர் அதன் கூரையில் 32 பேனல்களை வைத்தார். 1986இல், ரீகன் காலத்தில், கூரையைப் பழுதுபார்க்கும்போது அவற்றை இறக்கிவிட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி மாளிகைக்கே சோலார் மின்சாரம் கட்டுப்படியாகவில்லை என்று இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த 32 பேனல்களும் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தந்ததில்லை. அவை வெந்நீர் போடுபவை! பிறகு அவற்றில் சில மெயின் மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குப் போய், அங்கே சாப்பாட்டுக் கூடத்துக்கு வெந்நீர் தந்தன. மின்சாரப் பேனல் ஜனாதிபதி குடியிருக்கும் வீட்டின் கூரையில் ஏறியது ஒபாமா காலத்தில்தான்.

இரண்டாவது நம்பிக்கை இன்னும் விபரீதமானது: "தெருவே இருட்டில் கிடந்தாலும் நம் வீட்டில் விளக்கு எரியும்." இதுவும் ஓரிடத்தில் மெய். 1958இல் அமெரிக்கர்கள் வான்கார்டு என்ற சிறு கோளை விண்ணில் ஏவினார்கள். அதிலிருந்த பாட்டரி சில மாதங்களில் தீர்ந்தது. சிலிக்கன் தகடுகளோ 1964 வரை அதன் ரேடியோவைப் பேச வைத்தன. அங்கே கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை, ஒண்டிக் குடித்தனம். நம் வீட்டுப் பேனலோ பெரும்பாலும் தெருக் கம்பியோடு சம்பந்தம் செய்துகொண்டது. தெருவில் கரண்ட் போனதும் அதன் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். இதைக் கருவியின் கோளாறு என்று பலர் கோபிக்கிறார்கள். கம்பி செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் ஒருவர் இருக்கிறாரே, அவரை நினைக்க வேண்டாமா? நம் மாடியிலிருந்து போகும் மின்சாரம் அவர் உயிரைக் குடித்துவிடக்கூடும். அந்த நேரத்திலும் வெளிச்சம் வேண்டுமென்றால், பாட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியே வாங்க வேண்டும். விற்க வருகிறவர் இதை முதலிலேயே சொல்லிவிடுவது தர்மம். சொல்லாவிட்டால் நாம் கேட்டுவிடுவது விவேகம்.

மூன்றாவது, "போட்ட முதல் திரும்பாது, செய்யச் செலவாகும் சக்தியைக்கூட அது திருப்பித் தராது" என்கிற பேச்சு. இது பழைய காலத்து மெய். 1950களின் நடுவில் ஒரு வாட்டுக்குச் சுமார் 300 டாலர் விலை. நாற்பது வாட் பல்பு ஒன்றை எரிக்கப் பன்னிரண்டாயிரம் டாலர் வேண்டும்! அன்று அதை வைத்தவன் கோடீசுவரனாகவோ பைத்தியமாகவோதான் இருந்திருப்பான். இன்றோ, செய்யச் செலவான சக்தியை ஒன்று முதல் மூன்று வருஷங்களுக்குள் பேனல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதன் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். ஸ்விட்ஸர்லாந்தில் லுகானோ நகரத்தில் 1982இல் வைத்த பேனல்களில் பெரும்பாலானவை முப்பத்தைந்து வருஷம் கழித்தும் மின்சாரம் தந்தன.

கதை எழுதிப் பிழைப்பவன் நான். எந்த ஊரில், எந்தக் காலத்தில் நடந்தது என்று சொல்லாத கதையை நம்பும்படி எழுத முடியாது என்பது என் தொழில் கற்றுத் தந்த பாடம். பெண் கல்யாணத்துக்கும் பையன் படிப்புக்கும் போக மிஞ்சிய பணத்தை மாடியில் கொண்டுபோய் வைக்கும் குடும்பஸ்தர் ஏமாறவும் கூடாது. வீண் பயத்தால் ஒதுங்கவும் கூடாது. யாராவது ஒரு சேதி சொன்னால், அது எந்தக் கருவியைப் பற்றியது, எந்த வருஷத்துக் கணக்கு என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். அப்புறம், உச்சி வேளையில் மாடிக்குப் போய், எந்தெந்த நிழல் எங்கே விழுகிறது என்று தாமே பார்த்துவிட்டு வரட்டும்.