கல்லடைப்பும் அழற்சிக் குறியீடுகளும்

சிறுநீரில் கரைந்த உப்புகள் செறிந்து படிகமாவதே சிறுநீரகக் கல்; பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். திருவண்ணாமலை போன்ற வெயில் ஊர்களில் வியர்வையால் நீர் வற்றுவது முக்கியக் காரணங்களுள் ஒன்று. அங்கே 14 கி.மீ. கிரிவலம் நடப்போர் தண்ணீரை மறக்கலாகாது. 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமே வெளியேறும். சிறுபீளைக் குடிநீர் நாட்டு வழக்கு; பெரிய கல்லுக்கு அதையே நம்பிக் காத்திருப்பது சரியல்ல.

கல்லோடு கிருமித்தொற்றும் உண்டா என்று அறிய இரத்தப் பரிசோதனை உதவும். அதில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்னும் குறியீடுகளின் உயர்வு உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும். எங்கே என்று சொல்லாது. கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. சில மணி நேரத்தில் ஏறும், ஈ.எஸ்.ஆர். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கல்வலியிலும் இவை சற்று உயரலாம். ஆனால் குளிர்காய்ச்சலோடு மிக உயர்ந்தால், கல்லால் அடைபட்ட சிறுநீரில் கிருமி பெருகியிருக்கக்கூடும். அப்போது ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. உடனே மருத்துவமனையில் அடைப்பைத் திறந்துவிட வேண்டும்.