ஈட்டிக்காரன் முதல் அப்வொர்க் வரை: வெப் டெவலப்பருக்கு வேலை வந்த வழிகள்

ஃபைனல் இயர் வந்துவிட்டால் எங்கள் வகுப்பில் இரண்டே பேச்சுதான். ஒன்று கேம்பஸ் இண்டர்வியூ. இன்னொன்று, "பேசாமல் ஃப்ரீலான்ஸாக வெப்சைட் பண்ணிக் கொடுத்துச் சம்பாதிக்கலாமா?" என்பது. இரண்டாவதைப் பேசுபவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நமக்கு மேலே யாரும் இருக்க மாட்டார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிய, இந்தத் தொழில் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

முதலில் பெயர். 1819-ல் வெளியான வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலால் பரவிய சொல் இது. லான்ஸ் என்றால் ஈட்டி. எந்தப் பிரபுவுக்கும் நிரந்தரமாகக் கட்டுப்படாமல், கூலி கொடுப்பவருக்காகச் சண்டை போடும் வீரன்தான் 'ஃப்ரீ லான்ஸ்'. இங்கே ஃப்ரீ என்றால் சுதந்திரம், இலவசம் இல்லை. இதைச் சில வாடிக்கையாளர்களுக்கு இன்றும் விளக்க வேண்டியிருக்கிறது!

வெப் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் காண்ட்ராக்ட் புரோகிராமர்கள் இருந்தார்கள். 1986-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் 1706-வது பிரிவு அவர்களைக் குறிவைத்தது. ஏஜென்சி வழியாக இன்னொரு நிறுவனத்தில் வேலை செய்யும் எஞ்சினியர், புரோகிராமர் போன்றவர்களைச் 'சுயதொழில் செய்பவர்' என்று காட்ட அதுவரை இருந்த சட்டப் பாதுகாப்பை அது எடுத்துவிட்டது. விளைவு, பல ஏஜென்சிகள் அவர்களைத் தங்கள் சம்பளப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டு வெளியே அனுப்பின. வேலை ஓரிடம், சம்பளம் ஓரிடம்.

அந்த வேலைகளைத் தேட 1990-ல் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 'டைஸ்' வந்தது. அப்போது அது இணையதளம் இல்லை. மோடம் வைத்து, போன் லைனில் கூப்பிட்டுப் படிக்கும் அறிவிப்புப் பலகை. 1993-ல் செர்ன் ஆய்வுக்கூடம் வெப் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு மொசைக் பிரவுசரும் வந்தது. அதன் பிறகுதான் 'வெப்சைட் செய்து தருபவர்' என்ற தொழிலே சூடு பிடித்தது.

இந்தக் காலத்தின் பெரிய வழக்கு மைக்ரோசாஃப்ட் மீதானது. அங்கே பல ஆண்டுகள் ஃப்ரீலான்சர் என்ற பெயரில் நிரந்தர ஊழியர்களோடு ஒன்றாக வேலை செய்தவர்களை, அமெரிக்க வருமான வரித்துறை ஆராய்ந்து, 'இவர்கள் உண்மையில் ஊழியர்களே' என்றது. நிறுவனம் அவர்களில் பலரை ஏஜென்சி வழிக்கு மாற்றியது. நிரந்தர ஊழியர்களுக்கு நீல பேட்ஜ், இவர்களுக்கு ஆரஞ்சு பேட்ஜ். ஊழியர்களுக்குக் கிடைத்த பங்குச் சலுகை தங்களுக்கும் வேண்டும் என்று 1992-ல் வழக்குப் போட்டார்கள். 2000-ல் 9 கோடியே 70 லட்சம் டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது. 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பணம் நிற்கிறது என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

இதற்கிடையில் இன்னொரு கனவும் வளர்ந்தது. 1998-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் மலோன், ராபர்ட் லாபாக்கர் இருவரும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இனி பெரிய கம்பெனிகளுக்குப் பதில், வலையில் சேர்ந்து வேலை முடித்துப் பிரிந்து போகும் 'ஈ-லான்சர்கள்' இருப்பார்கள் என்பது அதன் சாரம். அந்தச் சொல்லையே பெயராக வைத்து 'ஈலான்ஸ்' வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீருத் சேத் நம்ம ஐ.ஐ.டி. பாம்பேயில் படித்தவர். 2001-ல் 'ரென்ட்-ஏ-கோடர்' வந்தது. அங்கே வேலை கொடுப்பவர் பணத்தை முதலிலேயே தளத்திடம் கட்டிவிட வேண்டியிருந்தது. வேலை முடிந்த பிறகு கோடருக்குப் போனது. சண்டை வந்தால் தளமே பஞ்சாயத்து செய்தது.

2003-ல் இரண்டு கிரேக்க நண்பர்கள் 'ஓடெஸ்க்' தொடங்கினார்கள். ஒருவர் அமெரிக்காவில், மற்றவர் கிரீஸில். தூரத்தில் இருப்பவரை எப்படி நம்பி மணிக்கணக்கில் சம்பளம் கொடுப்பது? வேலை செய்பவரின் திரையை மணிக்கு ஆறு முறை படம் பிடிக்கும் ஒரு மென்பொருள்தான் அவர்களின் பதில். ஆபீஸில் மேனேஜர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தது!

இந்தியாவில் இருப்பவருக்கு இன்னொரு கதவும் இருந்தது: பணம் வரும் வழி. 2010 பிப்ரவரியில் பேபால், இந்தியாவுக்கான தனிநபர் பணப் பரிமாற்றத்தை நிறுத்தியது. 2011 மார்ச் முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு தடவைக்கு 500 டாலருக்கு மேல் வாங்க முடியாமல் போனது. வந்ததை ஏழு நாளில் வங்கிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதே ஆண்டு அந்த வரம்பு 3000 டாலர் ஆனது. கோடு எழுதி முடித்து, வாடிக்கையாளரும் திருப்தியாகி, பணம் மட்டும் நடுவழியில் நிற்பது என்றால் எப்படி இருந்திருக்கும்!

ஈலான்ஸும் ஓடெஸ்கும் 2013 டிசம்பரில் இணைப்பை அறிவித்தன. 2015-ல் பெயர் 'அப்வொர்க்' ஆனது. 2016-ல் கமிஷன் மாறியது: ஒரு வாடிக்கையாளரிடம் முதல் 500 டாலர் வரை 20 சதவீதம், அடுத்து 10,000 வரை 10, அதற்கு மேல் 5. 2023-ல் எல்லாவற்றுக்கும் 10 என்று ஆனது. 2025-ல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை. மாறுவதைத் தளம் முடிவு செய்யும், நாம் ஏற்க வேண்டும். அங்கே கிடைத்த வாடிக்கையாளரோடு இரண்டு ஆண்டுகளுக்குள் தனியாகப் பேசி வேலை செய்யவும் தனிக் கட்டணம் உண்டு.

எதிர்த்திசையில் ஒரு நல்ல விஷயம். நியூயார்க் நகரில் 2017 மே முதல், 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் தர வேண்டும்.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மூன்று கேள்விகள் மாறவே இல்லை. வேலையை யார் கண்டுபிடிப்பது? இவனுக்கு வேலை தெரியும் என்று யார் சொல்வது? பணம் வரும் என்பதற்கு யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர்தான் தரகர். ஒரு காலத்தில் ஏஜென்சி, பிறகு இணையதளம். ஆள் மாறினார், நாற்காலி காலியாகவில்லை.

அதனால் ஃப்ரீலான்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வேலைக்குத் தளம் உதவும், கமிஷன் அதற்கான விலை. ஆனால் ஒரு தளத்தில் சேர்த்த நட்சத்திரங்கள் இன்னொரு தளத்தில் செல்லாது. சொந்தப் பெயரில் ஒரு சைட், காட்டுவதற்கு நாலு வேலை, "இவன் செய்து கொடுத்தான்" என்று சொல்ல ஒரு ஆள், எழுத்தில் ஒப்பந்தம், கொஞ்சம் அட்வான்ஸ். இவை இருந்தால் அந்த மூன்று கேள்விகளுக்கும் பாதி பதில் நம் கையில். எவ்வளவு பதில் நம்மிடம் இருக்கிறதோ, அவ்வளவுதான் ஃப்ரீ.

முதல் வாடிக்கையாளரைப் பிடித்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஃபைனல் இயரில் இருக்கும் எல்லோருக்கும் உதவும்.