ஒற்றைப் பற்றரியின் வெளிச்சம்

2022 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் திகதியை இலங்கையர் எவரும் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். அன்று 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தது. அனல் மின்நிலையங்களுக்கு எண்ணெய் வாங்க நாட்டில் டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களில் போதிய நீரும் இல்லை. களுபோவிலவில் எங்கள் ஒழுங்கை முழுவதும் இருளில் மூழ்கியிருந்தது. கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைப் பக்கம் மட்டும் ஜெனரேற்றரின் இரைச்சலோடு வெளிச்சம் தெரிந்தது. சில மைல் தொலைவில் மிரிஹானவில், ஜனாதிபதியின் வீட்டை மக்கள் முற்றுகையிட்டதும் அன்றிரவுதான்.

அந்தச் செய்தியைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கையில் அதன் உயிரும் போய்விட்டது. "அலுமாரிக்கு மேல இருக்கிற தகரப்பெட்டியைப் பார், அப்பான்ர ரோச் லைற் கிடக்கும்" என்றார் அம்மா. தட்டுத்தடவி எடுத்தேன். இரண்டு பற்றரி போடும் பழைய தகர ரோச். ஆளியைத் தள்ளினேன். எரியவில்லை. கால் நூற்றாண்டாகத் தொடப்படாத பொருள் எரிந்திருந்தால்தான் வியப்பு.

மறுநாட் காலை அதைத் திருத்தும் எண்ணத்துடன் மேசையில் வைத்தேன். நானோ கலைப்பீடத்துப் பட்டதாரி. ஆயினும் மின்சூள் என்று பாடப்புத்தகங்கள் கூறும் இந்தக் கருவியைப் போல எளிமையான மின்பொருள் வேறில்லை. பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே 1866 இல் உருவாக்கிய மின்கலத்தினுள் திரவம் இருந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஜேர்மனியரான கார்ல் காஸ்னர் 1886 இல் உலர்மின்கலத்தை அமைத்த பின்னரே வெளிச்சத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் காலம் வந்தது. 1899 ஜனவரியில் நியூயோர்க்கில் டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவிலான கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளைய மின்கலங்களால் தொடர்ந்து வெளிச்சம் தர முடியவில்லை. ஒரு தடவை மின்னும், பின் ஓய்வு கேட்கும். அதனாலேயே அமெரிக்கர்கள் அதற்குப் பளிச்சிடும் விளக்கு என்ற பொருளில் 'பிளாஷ் லைட்' என்று பெயரிட்டார்கள்.

அன்று தொட்டு உள்ளமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை. முன்னால் உள்ள பற்றரியின் முனை மின்குமிழின் அடியைத் தொடும். பின்னால் உள்ள பற்றரியின் நாகத் தகடு மூடியிலுள்ள ஸ்பிரிங்கைத் தொடும். ஸ்பிரிங்கிலிருந்து தகரக் குழாய் வழியாக ஆளிக்கும், அங்கிருந்து மின்குமிழின் பக்கத்துக்கும் மின் செல்லும். இந்தச் சுற்றில் எங்கேனும் ஓரிடத்தில் தொடுகை விட்டுப்போனால் விளக்கு எரியாது. ஆகவே பழுது பார்ப்பது என்பது, ஒவ்வொரு தொடுகையாகச் சந்தேகித்துக்கொண்டு போவதுதான்.

பின்மூடி துருவேறி இறுகிப்போயிருந்தது. ஒருவாறு கழற்றினேன். வீங்கி, கசிந்து, வெள்ளைப் பொருக்குப் படிந்த பழைய பற்றரி ஒன்று குழாயில் ஒட்டியிருந்தது. மரச்சட்டத்தில் மெதுவாகத் தட்டித் தட்டி அதை வெளியே எடுத்தேன். அதன் பின்னால் மற்றொன்று தானாகவே வழுக்கிக் கையில் விழுந்தது. அது பற்றரி அல்ல. பற்றரியின் அளவுக்குச் சீவப்பட்ட ஒரு மரத்துண்டு! நடுவே துளையிட்டுச் செப்புக்கம்பி செலுத்தி, இருபுறமும் ஊசித்தகடு பதித்திருந்தது. நேர்த்தியான வேலை.

இதென்ன வேடிக்கை என்று எண்ணியபடி, முதலில் மின்குமிழைச் சோதித்தேன். அதன் அடியைப் புதிய பற்றரியொன்றின் முனையில் வைத்து, சிறு கம்பியொன்றால் அதன் பக்கத்தையும் பற்றரியின் அடித்தகட்டையும் இணைத்தேன். மின்குமிழ் எரிந்தது. ஆனால் அது வெள்ளை வெளிச்சம் அல்ல. 2.5 வோல்ற்று என்று பொறித்த மின்குமிழுக்கு ஒரு பற்றரியின் 1.5 வோல்ற்றுப் போதாது. இழை மட்டும் மங்கலாக, செம்மஞ்சளாக ஒளிர்ந்தது.

அந்த நிறத்தை எனக்குத் தெரியும்.

1990 ஜூன் மாதம் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கிலிருந்து மின்சாரம் வருவது நின்றுபோனது. அதையடுத்து வந்தது பொருளாதாரத் தடை. எரிபொருள், உரம், சீமெந்து என நீண்ட அந்தப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. கண்ணிவெடிகளுக்குப் பயன்படும் என்பது அரசு கூறிய காரணம். வெடிகளுக்கு அவை பயன்பட்டதும் உண்மை; வீட்டில் கிழவியொருத்தி இரவில் கிணற்றடிக்குப் போகவும் அதே பற்றரிதான் வேண்டும் என்பதும் உண்மை. கொழும்பிலிருந்து வருவோரின் பயணப்பையில் பற்றரி அகப்பட்டால் அது பறிபோகும். சந்தேகமும் கூடவே தொற்றிக்கொள்ளும்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தைக் கண்டவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கை விளக்கிக் கூறத் தேவையில்லை. போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் ஒரு திரியும். அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்துச் சித்தியெய்தியது. வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். ஒருவர் சுழற்ற, பத்துப்பேர் செய்தி கேட்பார்கள். செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிரூட்டுவதும், துளையிட்டு உப்புத்தண்ணீர் விடுவதும் எல்லா வீடுகளிலும் நடந்த வைத்தியங்கள்.

நான் அப்போது பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு யாழ்ப்பாணத்து நாளேடொன்றில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தேன். வெளியுலகச் செய்திக்கு வானொலியை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசையைக் கேட்டுக் குறிப்பெடுத்து, விடிய அலுவலகத்துக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. எங்கள் சைக்கிளில் டைனமோ இல்லை. இரண்டு பற்றரியில் பாடும் சிறிய வானொலி ஒன்று இருந்தது. அது ஒருநாளேனும் என்னைக் கைவிட்டதில்லை. அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி. இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அன்று மாலை தொடங்கி இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நனைந்தபடி செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நடந்தார்கள் என்பதைவிட, ஊர்ந்தார்கள் என்பதே பொருந்தும். நாங்களும் அதில் இருந்தோம். அப்பாச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் உருட்டிக்கொண்டு போனேன். அப்பா முன்னால் ரோச் பிடித்தார். அதன் வெளிச்சம் அவருடைய காலடியைக் கூடக் காட்டவில்லை.

நாவற்குழிப் பாலத்துக்குச் சற்று முன்பாகச் சைக்கிள் சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கியது. அப்பாச்சி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தக் கை பிறகு நேராகவேயில்லை.

"உந்த ரோச்சைத் தூக்கிக் கடலுக்குள்ள எறியுங்கோ அப்பா" என்று அத்தனை சனத்தின் நடுவிலும் கத்தினேன். எனக்கு அப்போது 25 வயது. அப்பா ஒன்றும் பேசவில்லை. தாயைத் தூக்கி நிமிர்த்திவிட்டு மீண்டும் அதே ரோச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

1997 இல் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் வாடகை அறையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுக் களுபோவிலவுக்குக் குடிபெயர்ந்தோம். கொழும்பில் வேறு ரோச் வெளிச்சங்களை அறிந்தோம். நள்ளிரவுச் சோதனைகளில் முகத்துக்கு நேரே பிடிக்கப்பட்ட வெளிச்சங்கள் அவை. அவற்றில் பற்றரிக்குக் குறைவில்லை. அப்பா 2009 இல் காலமானார். பாலத்தடியில் கத்தியதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை.

மரத்துண்டை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இது அப்பா சீவினது. அப்ப வீட்டில மூண்டு பற்றரிதான் இருந்தது. ரேடியோவுக்கு ரண்டு வேணும். ஒண்டு குறைஞ்சாலும் ரேடியோ பாடாது. ரோச் எண்டால் மங்கலாயாவது எரியும் எண்டு சொன்னவர். நீ செய்தி எழுதிக்கொண்டு போகவேணுமெல்லே."

அப்பா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தவர். கணக்கு அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அந்த இரவில் வானொலி எங்கே இருந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன். என் தோளில் தொங்கிய பையில், பொலித்தீனில் சுற்றப்பட்டு, இரண்டு பற்றரிகளோடு இருந்தது. ரோச்சுக்கு வேண்டிய பற்றரியைச் சுமந்துகொண்டுதான் நான் அப்பாவைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை.

அந்தத் தடை 1994 இன் பின் ஓரளவு தளர்ந்து, போர் மீண்டும் மூண்டதும் இறுகி, 2002 இல் போர்நிறுத்தத்தை ஒட்டிப் பெரும்பாலும் நீங்கியது. அதைப் பற்றி எழுதுவோர் பொருட்களின் பட்டியலைத் தருவார்கள், விலைகளைத் தருவார்கள். நானும் பல தடவை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மூன்று பற்றரியை எவ்வாறு பகிர்வது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருளில் இருந்து கணக்குப் போட்டதை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. அந்தக் கணக்கில் யாருக்கு வெளிச்சம், யாருக்குச் செய்தி, யாருக்கு முறிந்த கை என்பதும் அடங்கியிருந்தது.

பின்னர் வேலையை முடித்தேன். பழைய பற்றரியின் கசிவு அமிலத் தன்மையுள்ளது. ஆகவே அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் ஸ்பிரிங்கையும் குழாயின் உட்புறத்தையும் தேய்த்தேன். நன்றாக உலரவிட்டு, அரத்தாளால் துருவைச் சுரண்டினேன். ஆளியின் பித்தளைத் தகடு சற்றுத் தாழ்ந்திருந்தது, நிமிர்த்தினேன். பழுது மின்குமிழில் இருக்கவில்லை. ஸ்பிரிங்கும் ஆளியும் தொடவேண்டிய இடங்களில் தொடவில்லை, அவ்வளவுதான்.

புதிய பற்றரிகள் இரண்டையும் போட்டு ஆளியைத் தள்ளியபோது, பகலிலும் சுவரில் வெள்ளை வட்டம் விழுந்தது. இந்த ரோச் இவ்வளவு பிரகாசமாக எரியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அதன்பின் மின்வெட்டு வந்த இரவுகளில் அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். மரத்துண்டு என் எழுத்துமேசையில் இருக்கிறது.