பெயர் சூட்டலும் உரிமை பறித்தலும்



ஒரு சமூகத்தின் உரிமையைப் பறிக்க விழையும் அரசாங்கத்துக்குச் சட்டம் மட்டும் போதாது. ஏனைய மக்களின் சம்மதமும் வேண்டும். அச்சம்மதம் எங்ஙனம் பெறப்படுகிறது? விடை தேடி நாம் தூர தேசம் செல்லத் தேவையில்லை. ஹட்டன், நுவரெலியாத் தேயிலை மலைகளின் வரலாறே சான்று பகர்கிறது.

முதற்படி, பாதிக்கப்பட்டோரின் குரலை அடைத்தலாகும். பிரித்தானியர் ஆட்சியில் தோட்டம் தனியார் நிலமாகையால், துரையின் அனுமதியின்றி உட்புகுவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. 'தேசநேசன்' பத்திரிகையை நடாத்திய கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தே தொழிலாளரின் துயரை அறிந்தார் என்பர். 1931இல் அவர் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார், எழுத்தறியாதோருக்கும் விளங்குமாறு பாடல்கள் இயற்றிப் பாடினார்.

இரண்டாம் படி, பெயர் சூட்டுதலாகும். 1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது, தோட்ட மக்களும் வாக்களித்தால் மலைநாட்டுச் சிங்களவர் அமிழ்ந்துபோவர் என்ற அச்சம் சட்டசபையில் எழுப்பப்பட்டது. காடழித்துத் தேயிலை நட்டோர் 'அந்நியர்' ஆயினர். பிற்காலத்தில் 'கள்ளத்தோணி' என்ற இழிசொல்லும் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. பெயர் நிலைத்தபின் சட்டம் இயற்றுதல் எளிதாயிற்று.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வெற்றி பெற்றனர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிற் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்றது அது. லயத்தில் வாழ்ந்தோர் அத்தாட்சிப் பத்திரங்களுக்கு எங்கே போவர்? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் கையளிக்கப்பட்டன. சுமார் 134,000 பேருக்கே பிரஜாவுரிமை கிட்டியது. வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை.

வாசகர்களே, இதனைப் பெரும்பான்மையினரின் பழியென்று மட்டும் கூறி நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. அன்றைய அமைச்சரவையில் தமிழரும் முஸ்லிமும் அங்கம் வகித்தனர். சி. சுந்தரலிங்கம் அமைச்சர் பதவியைத் துறந்தார்; என்.எம். பெரேரா போன்ற இடதுசாரிகள் எதிர்த்தனர். எதிர்த்தோர் சிலரே, மௌனித்தோர் பலர். அநீதி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த மௌனத்தின் கசப்பை நாமும் பின்னர் சுவைத்தோம். 2020இல் கொவிட் நோயைப் பரப்புவோர் முஸ்லிம்கள் என்ற கதை ஊடகங்களில் உலவியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும், 2021 பெப்ரவரி வரை நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அப்போதும் முதலில் பெயர் வந்தது. பின்னரே கட்டளை வந்தது.

செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுமாறு சூரத்துல் ஹுஜுராத் நம்மைப் பணிக்கிறது. நம்மைப் பற்றிய செய்திக்கு மட்டும் உரிய கட்டளையன்று அது. நம் கடைவீதிக்கு வரும் தோட்டத்துச் சகோதரரைப் பற்றி ஒரு வசைச்சொல் காதில் விழுந்தால், அதனைத் திருப்பிச் சொல்லாதிருப்பதே நம் முதற்கடமை. அநீதிக்கான சம்மதம் வாக்குச்சீட்டில் மட்டும் வழங்கப்படுவதில்லை, நாவிலும் வழங்கப்படுகிறது.