காஸாபிளாங்கா: வெள்ளை வீடும் தகர வீடும்

காஸாபிளாங்கா என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ஹம்ப்ரி போகார்ட்டும் இங்ரிட் பெர்க்மனும்தான் நினைவுக்கு வருவார்கள். கல்லூரி நாட்களில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை இரண்டு முறை பார்த்தவன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு மகனுடன் மொராக்கோ போக வாய்த்தபோது, முதலில் அந்த ஊரைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது, 1942-ல் வெளிவந்த அந்தப் படம் கலிபோர்னியா ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது என்று. படத்தில் வரும் ரிக்ஸ் கஃபே கூட இங்கே 2004-ல்தான் திறக்கப்பட்டதாம், படத்தைப் பார்த்து! நிழல் முந்தி, நிஜம் பிந்தி.

ஆனால் ஊரின் உண்மைக் கதை படத்தைவிடப் பெரியது.

பழைய பெயர் அன்ஃபா. 1468-ல் போர்ச்சுகீசியர் அதை அழித்தார்கள். பின்னர் அவர்களே அங்கு ஒரு கோட்டை கட்டி, வெள்ளை வீடு என்ற பொருளில் 'காஸா பிராங்கா' என்றார்கள். 1755-ல் லிஸ்பனைத் தரைமட்டமாக்கிய பூகம்பம் இந்த ஊரையும் விடவில்லை. அவர்கள் கைவிட்ட இடத்தில் சுல்தான் முகமது பின் அப்துல்லா ஊரை மறுபடி எழுப்பினார். அரபியில் 'தார் எல் பெய்தா', பொருள் அதேதான். ஸ்பானிய வியாபாரிகள் வாயில் அது காஸாபிளாங்கா ஆயிற்று.

1907-ல் துறைமுக வேலைக்குக் கல் சுமக்கப் போட்ட சிறு ரயில்பாதை, முஸ்லிம்களின் மயானத்தை ஒட்டிப் போனது. மக்கள் கொதித்தார்கள், ஐரோப்பியத் தொழிலாளிகள் சிலர் கொல்லப்பட்டார்கள். பதிலுக்குப் பிரெஞ்சுக் கப்பல்கள் ஊரைக் குண்டு வீசித் தகர்த்தன. 1912-ல் மொராக்கோவின் பெரும்பகுதி பிரான்சின் பாதுகாப்பு நாடாயிற்று. பிரெஞ்சு அதிகாரி லியோத்தே பெரிய துறைமுகம் கட்டுவித்தார். ஆன்ரி ப்ரோஸ்ட் என்பவர் நகரத்துக்குத் திட்டம் வரைந்தார்.

அந்தத் திட்டத்தின் அழகை இன்றும் முகமது சதுக்கத்தில் பார்க்கலாம். நீதிமன்றம், அஞ்சலகம், மணிக்கூண்டு, நீரூற்று, கூட்டம் கூட்டமாகப் புறாக்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ரசித்தேன். ஆனால் அந்த அகன்ற சாலைகள் ஐரோப்பியருக்காகப் போடப்பட்டவை. உள்ளூர்க்காரர்களுக்குத் தனியாக ஹபூஸ் என்ற பகுதியைக் கட்டினார்கள். வளைவு வாசல்களும் ஆலிவ் கடைகளுமாக அதுவும் அழகுதான். ஆனால் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் எல்லோருக்கும் அது எங்கே போதும்?

அவர்கள் தகரத்தை வெட்டி நிமிர்த்தி வீடு கட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சில் 'பிதோன்' என்றால் தகர டப்பா. குடிசைப் பகுதிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'பிதோன்வில்' என்ற சொல் அதிலிருந்து வந்தது. அது பரவியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்குண்டு. வெள்ளை வீடு என்று பெயர் வைத்த ஊர், உலகத்துக்குத் தகர வீட்டுக்கும் ஒரு பெயர் கொடுத்துவிட்டது.

மறுநாள் டிராமில் ஏறி ஹை முகமதி பகுதிக்குப் போனோம். கல் குவாரிகளை ஒட்டி வளர்ந்த பெரிய குடிசைப் பகுதி அன்று இங்கேதான் இருந்தது. 1952 டிசம்பரில் துனிசியத் தொழிற்சங்கத் தலைவர் ஃபர்ஹாத் ஹாஷத் கொல்லப்பட்டார். யாரோ அயல்நாட்டுத் தலைவர் என்று இருந்துவிடாமல், இந்தக் குடிசைவாசிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு சுல்தான் ஐந்தாம் முகமது நாடு கடத்தப்பட்டார். 1955 நவம்பரில் திரும்பினார். 1956 மார்ச்சில் விடுதலை.

இன்று அங்கே மாடி வீடுகள், கொடியில் காயும் துணி, பந்து விளையாடும் பிள்ளைகள். புகைப்படம் எடுக்க ஒன்றுமில்லை என்றான் மகன்.

கடலோரத்தில் சுமார் 200 மீட்டர் உயர மினாரோடு நிற்கும் இரண்டாம் ஹஸன் மசூதியை (1993) எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால், நண்பர்களே, காஸாபிளாங்கா போனால் பத்து நிமிடம் ஒதுக்கி ஹை முகமதியிலும் இறங்கிப் பாருங்கள். முந்தின நாள் நான் ரசித்த சதுக்கத்துக்கு ஐந்தாம் முகமதுவின் பெயர் வந்ததில், இந்தத் தகர வீட்டுக்காரர்களின் ரத்தமும் இருக்கிறது.