மூணாவது ஃபின் எங்கிருந்து வந்தது?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "சர்ஃபிங் பழகி ஆறு மாசம் ஆச்சு. சொந்தமா போர்டு வாங்கப் போறேன். ஒரு ஃபின்னா, ரெண்டா, மூணா? எது பெஸ்ட்?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதைக் கேட்டால் "எது பெஸ்ட்" என்ற கேள்வியே கொஞ்சம் மாறிவிடும். அதனால் இன்றைக்கு அந்தக் கதை.

சர்ஃப் போர்டைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். வால் பக்கத்தில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஃபின். நிறைய பேர் அதை படகின் சுக்கான் மாதிரி நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுக்கான் அசையும், ஃபின் அசையாது. போர்டைத் திருப்புவது உங்கள் உடம்பின் சாய்வு. அப்போது வால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதுதான் ஃபின்னின் முதல் வேலை.

ஹவாயில் பல நூறு வருஷம் ஃபின்னே இல்லாமல்தான் சர்ஃப் செய்தார்கள். அலாயா என்ற மெல்லிய பலகை, ஓலோ என்ற நீண்ட கனமான பலகை, எதிலுமே ஃபின் கிடையாது. 1920-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து ஹவாய்க்குப் போன டாம் பிளேக், ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய போர்டுகளைச் செப்பனிட்டார். அதே வடிவத்தில் எடை குறைவாகச் செய்யப் பார்த்து, உள்ளே வெற்றிடம் உள்ள போர்டைக் கொண்டுவந்தார். 1932-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

போர்டு லேசாச்சு, ஆனால் அலையில் குறுக்கே போகும்போது வால் வழுக்கியது. 1935-இல் வைகிகியில், கைவிடப்பட்ட ஒரு வேகப்படகின் அடியில் இருந்த உலோகத் தகட்டை எடுத்து தன் போர்டின் அடியில் பொருத்தினார். சர்ஃபிங்கின் முதல் ஃபின் அதுதான் என்று சொல்லப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அதே காலத்தில், அதே தீவில், ஜான் கெல்லியும் வாலி ஃப்ராய்செத்தும் இதே வழுக்கல் பிரச்சினையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதையும் பொருத்தவில்லை. கோடாரியை எடுத்து போர்டின் அகன்ற வாலைச் செதுக்கிக் குறுக்கினார்கள். குறுகிய வால் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கிப் பிடித்தது. அந்த வகைக்கு 'ஹாட் கர்ல்' என்று பெயர் வந்தது. ஒரே பிரச்சினை, ரெண்டு விடை. ரெண்டுமே வேலை செய்தது. பிளேக்கின் ஃபின் எல்லோரிடமும் போய்ச் சேர பல வருஷம் ஆனது.

அதன் பிறகு பல வருஷம் ஒற்றை ஃபின் ராஜ்ஜியம்தான். 1966-இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் நாட் யங் ஜெயித்த போர்டிலும் ஒரே ஃபின்தான். ஆனால் அந்த ஃபின்னின் வடிவம் வேறு. மீன்களின் துடுப்பைப் பார்த்து யோசித்த ஜார்ஜ் கிரீனோ வடிவமைத்த, அடி அகலம் குறைந்து பின்னோக்கி வளைந்த ஃபின் அது.

ஒற்றை ஃபின்னுக்கு ஒரு குணம் உண்டு. நிதானமாக, நீளமாகத் திரும்பும். பெரிய அலையில் நம்பிக்கை தரும். சின்ன, பலமில்லாத அலையில் அதை வேகமாக்குவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தை அனுபவித்தவர் மார்க் ரிச்சர்ட்ஸ். 1976-இல் சிட்னிக்கு வந்த ஹவாய் வீரர் ரெனோ அபெலிரா, ரெண்டு ஃபின் வைத்த குட்டியூண்டு போர்டில் போட்டியில் இறங்கினார். ரிச்சர்ட்ஸ் அதைப் பார்த்தார். தானே போர்டு செதுக்கத் தெரிந்தவர். அந்த யோசனையைத் தன் உடம்புக்கும் தன் பாணிக்கும் ஏற்ப மாற்றினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்கள்.

அப்புறம் என்ன, எல்லோரும் ரெண்டு ஃபின்னுக்குத் தாவினார்கள். இங்கேதான் நம்ம ஹீரோ வருகிறார்.

சைமன் ஆண்டர்சன். சிட்னியின் வடக்கே நராபீன் கடற்கரைக்காரர். ஆறடியைத் தாண்டிய உயரம், கனத்த உடம்பு. அவரும் போட்டி வீரர், அவரும் போர்டு செய்பவர். ரெண்டு ஃபின் போர்டு அவருக்குச் சரிப்படவே இல்லை. ஏன் என்று பாருங்கள்: ரெண்டு ஃபின்னும் ஓரங்களில் இருக்கும், நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் பலமாகச் சாய்த்தால் அந்தப் பக்கத்து ஃபின் மட்டும்தான் முழுசாகத் தண்ணீருக்குள் இருக்கும். எடையும் வேகமும் சேர்ந்தால் வால் நழுவிவிடும். அலை பெரிதாகப் பெரிதாக இது மோசமாகும். உலகமே கொண்டாடுகிற போர்டு, அவர் காலடியில் நிற்க மாட்டேன் என்கிறது.

இந்த நிலைமை நமக்கும் தெரிந்ததுதான், இல்லையா? எல்லோருக்கும் நன்றாக ஓடுகிற ஒன்று நமக்கு மட்டும் ஓடவில்லை என்றால், தப்பு நம்மிடம்தான் என்று நினைத்துவிடுவோம். ஆண்டர்சன் அப்படி நினைத்து ஒதுங்கவில்லை.

1980 அக்டோபரில், நராபீனில் ஃப்ராங்க் வில்லியம்ஸ் என்ற இன்னொரு சர்ஃபர் தன் ரெண்டு ஃபின் போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அரைவட்ட ஃபின்னைச் சேர்த்திருப்பதை அவர் பார்த்தார். நிலைப்பாட்டுக்காக வைத்த குட்டி ஃபின். ஆண்டர்சன் கேட்ட கேள்வி: அது ஏன் குட்டியாக இருக்கணும்? மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வைத்தால்? முன்னால் ஓரங்களில் ரெண்டு, பின்னால் நடுவில் ஒன்று. சாயும்போது ஓர ஃபின்னும் பின் ஃபின்னும் சேர்ந்து பிடிக்கும். 'த்ரஸ்டர்' என்று பெயர் வைத்தார்.

மூன்று ஃபின் வைத்தது அவர் முதலில் இல்லை. கலிஃபோர்னியாவில் கேம்ப்பெல் சகோதரர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே 'பான்சர்' என்று ஒன்று செய்திருந்தார்கள். நடுவில் பெரிய ஃபின், ஓரங்களில் சின்னது. ஆண்டர்சனின் அளவும் அமைப்பும்தான் புதுசு.

1981 ஈஸ்டர் சமயம், பெல்ஸ் பீச் போட்டி. அங்கே அபூர்வமாக வரும் ராட்சத அலைகள். அந்த அலையில் த்ரஸ்டரோடு இறங்கி ஆண்டர்சன் ஜெயித்தார். அடுத்து சிட்னி போட்டி. வருஷக் கடைசியில் ஹவாயின் பைப்லைன் மாஸ்டர்ஸ். மூன்று போட்டி, மூன்று வகை அலை, ஒரே விடை. சில வருஷங்களில் போட்டி வீரர்கள் அனேகமாக எல்லோரும் மூன்று ஃபின்னுக்கு மாறினார்கள்.

அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகம் முழுக்க விற்கும் த்ரஸ்டர்களிலிருந்து அவருக்கு ராயல்டி வருவதில்லை. ஓப்பன் சோர்ஸ் மென்பொருளிலேயே நாளெல்லாம் வேலை செய்கிற எனக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. வில்லியம்ஸின் குட்டி ஃபின்னைப் பார்த்துத்தான் ஆண்டர்சன் யோசித்தார். அபெலிராவைப் பார்த்துத்தான் ரிச்சர்ட்ஸ் யோசித்தார். இப்படித் திறந்து கிடந்ததால்தான் எல்லாம் இவ்வளவு வேகமாக வளர்ந்தது. ஆனாலும் அந்த வளர்ச்சியின் பலன் அதைக் கொடுத்தவருக்கு வந்து சேரவில்லை.

இதன் பிறகு நடந்ததுதான் நமக்கான பாடம். 1990-களில் உலக சாம்பியன்களின் மெல்லிய, குறுகிய த்ரஸ்டரே கடைகளை நிறைத்தது. வாரத்துக்கு ஒரு நாள் கடலுக்குப் போகிறவர்களும் அதையே வாங்கி, அலையைப் பிடிக்கவே திணறினார்கள். சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் 1967-இல் செய்த, ரெண்டு ஃபின் வைத்த அகலமான 'ஃபிஷ்' போர்டை 2000-களில் சர்ஃபர்கள் மறுபடி தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். பிளேக்குக்கு வால் வழுக்கியது, ரிச்சர்ட்ஸுக்கு சின்ன அலையில் வேகம் போதவில்லை, ஆண்டர்சனுக்கு எடை தாங்கவில்லை. ஒவ்வொரு ஃபின் அமைப்பும் ஒருவர் தன் சொந்தப் பிரச்சினைக்குக் கண்ட விடை. உங்கள் பிரச்சினை என்ன?

ஆறு மாசத்தில் அநேகமாக அலையைப் பிடிப்பதும் எழுந்து நிற்பதும்தான் பிரச்சினையாக இருக்கும். அதற்கு விடை ஃபின்னில் இல்லை, போர்டின் கொள்ளளவில் இருக்கிறது. நீளமும் அகலமும் தடிமனும் உங்கள் எடையைத் தாராளமாகத் தாங்கணும். அவசரப்பட்டு குட்டை போர்டுக்குப் போகாதீர்கள். அலையின் முகத்தில் குறுக்கே ஓடத் தொடங்கிய பிறகுதான் ஃபின் வித்தியாசம் காலுக்குத் தெரியும். அப்போது, திரும்பும்போது வால் நழுவுகிறதா? மூணு. சின்ன அலையில் வேகம் சாகிறதா? ரெண்டு. நீளமான போர்டில் நிதானமாகப் போகப் பிடிக்கிறதா? ஒன்று. வேகமும் வேணும், பிடிப்பும் வேணும் என்றால் நான்கு ஃபின்னும் உண்டு.

ஃபின்னைக் கழற்றி மாட்டும் வசதி 1990-களிலிருந்து பரவிவிட்டது. ஐந்து ஃபின் பொருத்தும் இடம் உள்ள போர்டில் ஒரு நாள் மூணு, இன்னொரு நாள் நாலு என்று மாற்றிப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது எதைச் செய்தது என்று தெரியும்.

போர்டு வாங்கிய பிறகு எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.