நாஞ்சில் நாடும் ஆங்கிலக் கட்டுரைப் பரீட்சையும்

ஆங்கிலப் பரீட்சை நெருங்கினால் பல மாணவர்கள் செய்வது ஒன்றுதான்: கைடில் உள்ள கட்டுரையை வரி பிசகாமல் மனப்பாடம் செய்வது. தலைப்பு கொஞ்சம் மாறினால் போச்சு! இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

நாஞ்சில் நாட்டுக்கு ஆங்கிலம் புதிதல்ல. மயிலாடியில் 1809இல் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளிதான் பிறகு நாகர்கோவிலுக்கு மாறி, 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. நாகர்கோவிலில் ஆங்கிலம் கற்பித்துவந்த ராபர்ட்ஸை 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் பள்ளி தொடங்க வைத்தார். தலைநகருக்கே இங்கிருந்துதான் ஆசிரியர் போனார்!

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் உருவாகி, மெட்ரிகுலேஷன் பரீட்சை வந்தது. சர்க்கார் உத்தியோகத்துக்கு அதுவே வாசலானது. பாஸ் ஆனால் போதும் என்ற நிலையில் மனப்பாடம் பெருகியது. பாடத்துக்காகப் பரீட்சை என்பது போய், பரீட்சைக்காகவே பாடம் என்றாகிவிட்டதாக 1902இன் பல்கலைக்கழகக் கமிஷனே குறைபட்டது. நூறு வருடத்துக்கு மேலாகியும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

ஆனால் பத்திரிகைக்கு எழுதுவது போன்ற சிறப்புக் கட்டுரையை மனப்பாடத்தால் எழுத முடியாது. செய்தி நடந்ததைச் சொல்லும். சிறப்புக் கட்டுரை அதன் பின்னால் இருக்கும் மனிதர்களையும் காரணத்தையும் சொல்லும்.

இதற்கு நல்ல பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பள்ளி ஆசிரியர். அன்று நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி வழக்கம் இருந்தது. ஒருவர் இறந்தால் சொத்து அவருடைய சகோதரி மகனுக்குப் போகும். மனைவி மக்கள் தவிப்பார்கள். கவிமணி இதைக் கண்டு, ஒரு பெண்ணே தன் கதையைச் சொல்வதுபோல் மருமக்கள் வழி மான்மியத்தைப் பாடினார். 1926இல் சட்டம் வந்து அந்த முறை மாறியது. சட்டத்துக்கு அந்த நூல் மட்டுமே காரணம் அல்ல. ஆனால் பக்கத்து வீட்டுத் துயரத்தைக் கூர்ந்து பார்த்து எழுதினால் அது ஊரையே யோசிக்க வைக்கும் என்பதற்கு அது சாட்சி. அது தமிழ்ச் செய்யுள், பரீட்சையில் கேட்பது ஆங்கில உரைநடை. பார்க்கும் கண் ஒன்றுதான்.

இனி தயாரிப்புக்கு வருவோம். சி.பி.எஸ்.இ. 12ஆம் வகுப்பில் கட்டுரைக்கு 120 முதல் 150 சொற்கள்தான். அதில் ஊர் உலகம் எல்லாம் அடங்காது. ஒரே விஷயம் போதும். தோவாளைப் பூச்சந்தை, மயிலாடிக் கல் சிற்பிகள், சுனாமியை 2004இல் கண்ட குளச்சல் என எதையாவது எடுக்கலாம். நேரில் போய் நாலு பேரிடம் பேசி, யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று குறித்துக்கொள்ள வேண்டும். தலைப்பு, எழுதியவர் பெயர், கண்ணால் கண்ட ஒரு காட்சி, பிறகு காரணம், கடைசியில் என்ன செய்யலாம் என்ற வரிசையில் எழுதினால் போதும். வீட்டில் இரண்டு மூன்று தடவை எழுதிப் பழகினால் கை தானாக ஓடும்.

ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களே போதும். மனப்பாடம் செய்தது மறந்துபோகலாம். கண்ணால் பார்த்தது பரீட்சை ஹாலிலும் மறக்காது!